வவுச்சர் இல்லாத டைனோசர்

அரியலூரில் அக்கா வீட்டுக்குப் போனால் எனக்கு இரண்டு வேலை காத்திருக்கும். ஒன்று, அத்தானின் வருமான வரிக் கணக்கைப் பார்ப்பது. இரண்டு, அக்காவின் வத்தக்குழம்பைப் புகழ்வது. இந்தத் தடவை மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது.

"மாமா, நீங்க பி.காம்.தானே? ஒரு டைனோசருக்குக் கணக்குப் போட்டுக் குடுங்க" என்றான் கார்த்தி. அக்கா மகன். வயது 12.

டைனோசர் எதுவும் ரிட்டர்ன் தாக்கல் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. விசாரித்தேன்.

விஷயம் இதுதான். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு விளையாட்டு. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இருவர் உண்டாக்கியது. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொள்ள, ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று வேஷம் ஏற்று, "நான் வாளை வீசறேன்" என்பார்கள். வெட்டு பட்டதா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கதாகாலட்சேபத்துக்கும் தாயக்கட்டைக்கும் கல்யாணம் செய்து வைத்த மாதிரி.

கைகாக்ஸ் அதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனியில் அண்டர்ரைட்டர். எந்த ஆபத்துக்கு என்ன விலை என்று எடைபோடும் உத்தியோகம். நம்ம ஜாதி! ஆளை உடனே பிடித்துவிட்டது.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் டி.ரெக்ஸின் ஜாதகத்தைக் கார்த்தி காட்டினான். உயிர்ப்புள்ளி 136. கவசம் 13. பலம் 25. புத்தி 2. (மனிதருக்குச் சராசரி 10. "புத்தி 2" என்று படிக்கும்போது பயல் ஏனோ என்னைப் பார்த்தான்.) ஒரு கடிக்கு நாலு பன்னிரண்டு முகப் பகடை, கூட 7. பகடைக்குச் சராசரி ஆறரை, நாலுக்கு 26, ஆக மொத்தம் 33. சாதாரண கிராமவாசிக்கு உயிர்ப்புள்ளி 4. அதாவது ஒரு கடி எட்டு கிராமவாசிகளுக்குச் சமம்.

புதிதாக வாள் பிடித்த வீரனுக்கு உயிர் 12 இருக்கும். அவன் வெட்டில் நூற்றுக்கு 65 படும். வீச்சுக்கு சராசரி 5 புள்ளி தேறும். 136-ஐக் கரைக்க 27 வீச்சு. நாலு பேர் என்றால் ஏழு சுற்று. சுற்றுக்கு 6 விநாடி, ஆக 42 விநாடி. அதற்குள் டி.ரெக்ஸ் சுற்றுக்கு ஒரு கடி, ஒரு வாலடி என்று மூன்றே சுற்றில் நாலு பேருக்கும் பத்தாம் நாள் காரியத்துக்கு ஏற்பாடு செய்துவிடும்.

இந்த எண்களுக்குப் பின்னால் ஓரளவு எலும்பு இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ட்ரைசெராடாப்ஸ் ஒன்றின் இடுப்பெலும்பில் டி.ரெக்ஸின் பல் தடம் கிடைத்தது. உலோகத்தில் பல் செய்து மாட்டு எலும்பில் அழுத்திப் பார்த்து, கடியின் விசை 13,400 நியூட்டன் வரை இருந்திருக்கும் என்று 1996-ல் கணக்கிட்டார்கள். வேகத்தையும் பார்த்தேன். சுற்றுக்கு 50 அடி என்றால் மணிக்கு 9 கிலோமீட்டர். தலைதெறிக்கப் போனால் 18. சினிமாவில் ஜீப்பைத் துரத்துகிறதே என்றால், அத்தனை கனத்துக்கு ஓடினால் கால் எலும்பே தாங்காது, வேகநடைதான் சாத்தியம் என்கிறது 2017 ஆராய்ச்சி ஒன்று. கணக்கு பரவாயில்லை. வவுச்சர் இருக்கிறது.

"சரி, உனக்கு எந்த டைனோசர் வேணும்?"

"நம்ம ஊரு டைனோசர் மாமா. டி.ரெக்ஸ்கிட்ட தோக்கக் கூடாது."

இருக்கிறது சார், நிஜமாகவே. பெயர் ப்ருஹத்காயோசாரஸ். கல்லமேடு கிராமத்துப் பக்கம் கிடைத்தது. 1987-ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள். முதலில் மாமிச பட்சிணி என்று நினைத்து, பிறகு நீளக் கழுத்து சைவம் என்று தெளிந்தார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர். 2023-ல் வந்த ஒரு மதிப்பீடு எடை 110-லிருந்து 170 டன் வரை என்கிறது.

உற்சாகமாகப் பென்சிலை எடுத்தேன். விளையாட்டில் யானைக்கு உயிர் 76. யானை 5 டன் என்றால் இது 22 யானை. 22 பெருக்கல் 76, ஆக 1,672! அந்தப் புத்தகத்தின் மகா பூதமான டராஸ்க்குக்கே 676-தான். எங்கேயோ இடிக்கிறதே என்று புரட்டினால், பிரான்டோசாரஸுக்கு 121, டி.ரெக்ஸைவிடக் குறைச்சல்! அப்போதுதான் உறைத்தது. உயிர்ப்புள்ளி எடைக் கணக்கு இல்லை. சண்டை எத்தனை சுற்று ஓட வேண்டும் என்கிற நேரக் கணக்கு.

அதைவிடப் பெரிய சிக்கல் அடுத்து வந்தது. அந்த எலும்புகள் இப்போது இல்லை. சிதைந்து உதிர்ந்துவிட்டன என்று 2017-ல் எழுதியிருக்கிறார்கள். மிச்சம் வரைபடங்களும் சில புகைப்படங்களும்தான்.

"அப்ப யாருக்கும் தெரியாதில்ல? 999-னு போடுங்க."

பென்சில் நின்றுவிட்டது. என் முதல் வேலையில் டிரையல் பேலன்ஸ் 140 ரூபாய் இடித்தது. மூன்று ராத்திரி தேடிவிட்டு "டீ, பிஸ்கெட்" என்று எழுதி நேராக்கினேன். தலைமைக் கணக்கர் ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். "தம்பி, வித்தியாசம் வர்றது தப்பில்ல. சஸ்பென்ஸ்ல போடு. டீயில போடாத" என்றார். திட்டவில்லை. ஆனால் அப்புறம் என்னிடம் சாவிக்கொத்தைக் கொடுக்கவும் இல்லை.

கார்த்தியிடம் அதைச் சொன்னேன். சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்றால், தெரியாததைத் தெரியாது என்றே எழுதி வைக்கும் இடம். சற்று யோசித்தவன், "அப்ப டைனோசர் வேணாம் மாமா. எலும்புக்கு மட்டும் புள்ளி போடலாம்" என்றான்.

அசந்துவிட்டேன். 2 மீட்டர் எலும்பு. அதற்கு 30 புள்ளி. எதிரி, மழை. சுற்றுக்கு ஒரு ஆறுமுகப் பகடை அளவு கரைக்கும். சராசரி மூன்றரை, எட்டு ஒன்பது சுற்று தாங்கும். பிளாஸ்டர் பூசி, மாட்டுவண்டி பிடித்து, கொட்டகை சேர்க்க ஒன்பது சுற்று. நூலிழைதான்.

ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் ஆட்டம். நாலு பிள்ளைகள், கதை சொல்வது கார்த்தி. ஒருத்தி பிளாஸ்டர் குழைத்தாள், ஒருவன் வண்டிக்காரனிடம் பேரம் பேசியே இரண்டு சுற்றைத் தின்றான். வண்டி கொட்டகை வாசலுக்கு வந்தாயிற்று. கடைசிச் சுற்று. எலும்பில் மிச்சம் 3.

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் கார்த்தி பகடையை உருட்டினான். பக்கத்தில் இருந்த எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்தது: 5.

பயல் என்னைப் பார்த்தான். ஒரு "ரெண்டு" சொன்னால் போதும், எலும்பு பிழைக்கும். நாலு பேர் முகமும் அவன் வாயையே பார்க்கிறது. வாய்விட்டுச் சொல்கிறேன், நானாக இருந்தால் டீ, பிஸ்கெட் எழுதியிருப்பேன்.

"அஞ்சு" என்றான்.

திண்ணையில் சத்தமே இல்லை. பேரம் பேசியவன் தலையைக் குனிந்துகொண்டான். பிளாஸ்டர்க்காரிதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"இன்னொரு தடவை ஆடலாம்டா. இந்தத் தடவை பேரம் வேணாம், கேட்டதைக் குடுத்துரலாம்."

ஊருக்குக் கிளம்பும்போது அத்தானின் கணக்கு நோட்டில் ஒரு 65 ரூபாய் இடித்தது. அப்படியே விட்டு, பக்கத்தில் 'தெரியவில்லை' என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன்.