ஆள் கூட்டினால் மலை முடிந்துவிடுமா?

ஹட்டன் பஸ்ஸிலும், தலவாக்கலை டவுனில் கம்ப்யூட்டர் வகுப்பு விட்டு நிற்கும் இளைஞர்கள் மத்தியிலும் இப்போது ஒரே பேச்சு. ஒரு ஏஐ ஏஜென்ட் ஒரு மணித்தியாலத்தில் செய்யும் வேலையை இருபது ஏஜென்ட் மூன்று நிமிடத்தில் முடித்துவிடுமாம். மேலே ஒன்றைத் தலைமைக்குப் போட்டுவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளுமாம். யூடியூபில் வருகிறவர்களும் சொல்கிறார்கள், சந்தா விற்கிறவர்களும் சொல்கிறார்கள். இந்த இரண்டு பேச்சுமே தவறு. வெளியூர்க்காரர்கள் நம்பினால் போகட்டும் என்று விடலாம். தேயிலை மலையில் பிறந்த பிள்ளைகளும் நம்புவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நூறு பேர் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்வது எப்படி என்பது நாலைந்து தலைமுறையாக நம் வீட்டுச் சங்கதி.

கொழுந்து மலையைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி போலத்தான் தோன்றும். இருபது பேர் இறங்கும் மலையில் நாற்பது பேர் இறங்கினால் பாதி நேரத்தில் முடியும். ஆனால் ஏன் முடிகிறது? பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து மலைக்கு வந்ததும் கங்காணி நிரை பிரித்துக் கொடுக்கிறார். ஒரு பெண் தன் நிரையில் கிள்ளுவது பக்கத்து நிரையைத் தொடாது. எது கொழுந்து, எது முற்றல், எந்த மட்டத்துக்கு மேல் கிள்ளலாம் என்று யாரும் யாரோடும் பேசி முடிவெடுக்க வேண்டியதில்லை. அது முன்பே முடிவான விஷயம். சந்தேகமிருந்தால் மட்டக்கம்பைச் செடிமேல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். வேலையும் உடனுக்குடன் சோதிக்கப்படுகிறது. கங்காணி பின்னால் நடந்து வருவது ஆளை விரட்ட மட்டுமல்ல. கிள்ளி முடித்த செடியில் கொழுந்து விட்டுப்போயிருக்கிறதா, வாது முறிந்திருக்கிறதா என்று அவர் செடியைப் பார்க்கிறார். பிறகு கூடைக்குள் கைவிட்டு முற்றல் இலையைத் தேடுகிறார். ஆள் கூட்டியதால் மட்டும் அந்த மலை முடியவில்லை. ஆள் இறங்குவதற்கு முன்பே வேலை சரியாக வெட்டப்பட்டிருந்ததால் முடிந்தது.

அந்தக் கொழுந்து லொறியில் ஏறி தொழிற்சாலைக்குப் போனதும் கணக்கு மாறிவிடுகிறது. வாட்டும் தொட்டியில் இலை வாட 12 முதல் 18 மணித்தியாலம் வேண்டும். மலையில் ஆளை இரட்டிப்பாக்கி இரட்டிப்புக் கொழுந்து கொண்டுவந்து கொட்டினாலும் தொட்டி இரண்டாகப் பெருகாது. இடமில்லாமல் குவித்து வைத்த இலை சூடேறிச் சிவந்து பாழாகும். ஏஜென்ட் வேலையில் அந்தத் தொட்டி எது என்று கேட்டால், சரிபார்க்கும் மனிதன்தான். இருபது ஏஜென்ட் ஒரே இரவில் எழுதிக் குவிப்பதை வாசித்து, ஓடவிட்டு, ஒன்றோடொன்று இணைத்துப் பார்ப்பவருக்கு இருப்பது ஒரு தலை, இரண்டு கண். அவர் வாசிக்காமல் கையொப்பம் வைக்கும் நாளில்தான் இந்த 'மூன்று நிமிடம்' சாத்தியமாகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மை அல்ல. ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 மென்பொருளைக் கட்டிய அனுபவத்திலிருந்து பிரெட்ரிக் புரூக்ஸ் 1975 இல் எழுதிவிட்டார்: பிந்திப்போன மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் பிந்தும். பத்துப் பேர் ஒருவரோடொருவர் பேச வேண்டுமானால் 45 சோடிகள், இருபது பேர் என்றால் 190. நிரை பிரித்த மலையில் இந்தச் சோடிகளே இல்லை. மென்பொருளில் இருக்கின்றன. கணக்கு வேலையிலும் இருக்கின்றன.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு வேலையை எடுப்போம். ஒரு தோட்டத்தின் பழைய செக்ரோல் (வேலை நாள், சம்பளப் பதிவு) புத்தகங்களையும் ஊழியர் சேமலாப நிதிக் காகிதங்களையும் படமெடுத்து, இருபது ஏஜென்ட்களிடம் வருடவாரியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையகத்தில் யாருக்கும் தெரியும்: பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் கணக்கப்பிள்ளையின் காதில் விழுந்த பெயர். ராமாயி ஒரு புத்தகத்தில் ராமாய், இன்னொன்றில் ராமி. தகப்பன் பெயரின் முதலெழுத்து சில இடங்களில் புருஷன் பெயரின் முதலெழுத்தாகியிருக்கும். எழுபதுகளின் புத்தகம் கிடைத்த ஏஜென்ட் ராமாயியும் ராமியும் ஒருவரே என்று முடிவெடுக்கிறது. எண்பதுகளின் புத்தகம் கிடைத்தது இரண்டு பேர் என்று முடிவெடுக்கிறது. இரண்டும் தம் தம் பங்கில் நியாயமானவை. இரண்டும் 'வேலை முடிந்தது' என்று அறிக்கை கொடுக்கின்றன. சேர்த்துப் பார்த்தால் ஒரு பெண்ணின் 30 வருட உழைப்பு இரண்டாக வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. வேறொருத்தியின் கணக்கில் இன்னொருத்தி வேலை செய்த நாட்கள் ஏறியிருக்கின்றன. பெயர் பொருந்தவில்லை என்று சேமலாப நிதிக்கு அலைந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு இது சின்னப் பிழை அல்ல என்பது தெரியும். ஒற்றை ஏஜென்ட்டும் தப்பு செய்யும்தான். ஆனால் பெரும்பாலும் ஒரே விதமான தப்பைச் செய்யும், கண்டுபிடித்துத் திருத்தலாம். இருபதும் இருபது விதமாகச் செய்தால் எந்த நூலைப் பிடித்து அவிழ்ப்பது?

பெரிய நிறுவனங்களின் அனுபவமும் இதுதான், அவர்களே எழுதியிருக்கிறார்கள். நிரல் எழுதும் ஏஐ கருவியைச் செய்யும் கர்சர் நிறுவனம் நூற்றுக்கணக்கான ஏஜென்ட்களை ஒரே மென்பொருளில் இறக்கிப் பார்த்ததை 2026 ஜனவரியில் விவரித்தது. முதலில் எல்லோருக்கும் சம அந்தஸ்து. யார் எதைத் தொடுகிறார்கள் என்பதற்குப் பூட்டு. இருபது ஏஜென்ட் இரண்டு மூன்று ஏஜென்ட்டின் வேலையைத்தான் பார்த்தன, மீதி நேரம் பூட்டுக்காகக் காத்திருந்தன. அதைவிட எனக்குச் சுவையானது அடுத்த விஷயம்: அவை கஷ்டமான வேலையைத் தொடாமல் ஒதுங்கி, ஆபத்தில்லாத சின்னத் திருத்தங்களையே செய்துகொண்டிருந்தன. பிறகு திட்டமிடுவது ஒரு கூட்டம், வேலை செய்வது ஒரு கூட்டம் என்று பிரித்த பின்தான் நிலைமை தேறியது.

ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனத்தின் நிக்கலஸ் கார்லினி 16 ஏஜென்ட்களை வைத்து இரண்டு வாரத்தில் ஒரு சி கம்பைலரையே (சி மொழி நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) கட்டினார். ஒரு லட்சம் வரி நிரல், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னலையே தொகுக்கும் அளவுக்கு. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. இதைத்தான் 'பார்த்தீர்களா' என்று காட்டுகிறார்கள். உள்ளே போய்ப் பாருங்கள். தனித்தனியான நூற்றுக்கணக்கான சோதனைகள் இருந்தவரை ஆளுக்கொரு சோதனையை எடுத்துக்கொண்டு வேலை ஓடியது. கேர்னல் என்ற ஒற்றைப் பெரிய வேலை வந்ததும் 16 ஏஜென்ட்டும் ஒரே பிழையில் போய் முட்டின. எல்லாம் அதையே திருத்தின, ஒன்று திருத்தியதை இன்னொன்று அழித்தது. 16 ஏஜென்ட் இருந்தும் பயனில்லை. கார்லினி என்ன செய்தார்? ஏற்கனவே சரியென்று தெரிந்த ஜிசிசி கம்பைலரைக் கொண்டு பெரும்பாலான கோப்புகளைத் தொகுத்து, மீதியை மட்டும் புதியதிடம் விட்டு, பிழைகளை ஏஜென்ட்களுக்குள் பிரித்துவிட்டார். மலைக்கு நிரை போட்டதும் அவர், கையில் மட்டக்கம்பாக ஜிசிசியை வைத்திருந்ததும் அவர். செலவு ஏறக்குறைய 20,000 டொலர். அன்றைய மாற்று விகிதத்தில் நம் காசில் சுமார் 60 லட்சம் ரூபாய். 2024 இல் நிர்ணயித்த 1350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் அது ஒரு தோட்டத் தொழிலாளியின் 15 வருடச் சம்பளத்துக்குக் கிட்ட வருகிறது. கம்பைலரை மனிதப் பொறியியலாளர்கள் கட்டியிருந்தால் இதைவிடக் கூடியிருக்கும் என்பதால் இது நேர்மையான ஒப்பீடு இல்லைதான். ஆனாலும் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

'தலைமை ஏஜென்ட் பார்த்துக்கொள்ளும்' என்ற பாதி இன்னும் மோசம். கங்காணி செடியைப் பார்க்கிறார் என்றேன். தலைமை ஏஜென்ட் பெரும்பாலும் செடியைப் பார்ப்பதில்லை, கீழே இருப்பவை எழுதி அனுப்பும் சுருக்கத்தை வாசிக்கிறது. மலையில் நிற்காமல் தொலைபேசியில் மலை பார்க்கும் கங்காணியை எந்தத் துரை வைத்திருப்பார்? போதாததற்கு, மேலே இருப்பதும் கீழே இருப்பதும் பல நேரம் ஒரே மாதிரி மூளை. ஒன்றுக்குத் தெரியாத குழி மற்றதற்கும் தெரியாது. ஆந்த்ரோபிக் 2025 இல் தன் ஆராய்ச்சி அமைப்பைப் பற்றி எழுதியபோது, எளிய கேள்விக்குக் கூட ஆரம்பத்தில் 50 துணை ஏஜென்ட்களை இறக்கிவிட்ட கதையை ஒளிக்காமல் சொன்னது. அதே அமைப்பு நன்றாகத் திருத்தப்பட்ட பின், பல திசையில் தேட வேண்டிய கேள்விகளில் ஒற்றை ஏஜென்ட்டைத் தங்கள் சோதனையில் 90 சதவீதத்துக்கு மேல் முந்தியது என்பதும் உண்மை. தேடுதல் நிரை பிரிக்கக்கூடிய வேலை. ஆனால் சாதாரண உரையாடலைவிட அது ஏறக்குறைய 15 மடங்கு டோக்கன் (ஏஐ வாசித்து எழுதும் சொல் துண்டு, விலை அதன் கணக்கில்தான்) தின்றது என்பதையும் அவர்களே எழுதினார்கள்.

இந்த டோக்கனில்தான் 'ஏஜென்ட்டைக் கூட்டினால் முடிந்துவிடும்' என்ற நம்பிக்கையின் வேர் இருக்கிறது. பழைய காலத்தில் பெரிய கங்காணிக்கு, அவர் கூட்டிவந்த ஆட்களில் அன்றைக்கு வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு சதம் என்று தோட்டம் காசு கொடுத்தது. அந்த ஏற்பாட்டில் எந்தக் கங்காணியாவது 'இந்த மலைக்கு இத்தனை ஆள் வேண்டாம் துரை' என்று சொல்லியிருப்பாரா? இன்று டோக்கன் கணக்கில் பணம் வாங்குபவர் 'உங்களுக்கு ஒன்றே போதும்' என்று சொல்வார் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்?

செக்ரோல் வேலையைச் செய்யவே கூடாது என்பதல்ல. அவசியம் செய்ய வேண்டும், அந்தப் புத்தகங்களைக் கரையான் தின்றுகொண்டிருக்கிறது. முதலில் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரையும் ஒரே ஒரு ஏஜென்ட்டையும் உட்காரவைத்து, எந்தப் பெயரை எப்போது ஒன்றாக எடுக்கலாம், எதைச் சந்தேகம் என்று ஒதுக்க வேண்டும் என்று ஒரே ஒரு வருடப் புத்தகத்தில் தீர்க்க வேண்டும். ஆள் உயிரோடிருந்தால் லயத்துக்குப் போய்க் கேட்க வேண்டும். அந்த விதிகள் எழுத்தில் வந்த பிறகு இருபதென்ன, இருநூறை இறக்குங்கள். அப்போதும் ஒதுக்கிய பெயர்களை வாசிக்கக் கணக்கப்பிள்ளைக்கு நாட்கூலி கொடுக்கக் காசை எடுத்து வையுங்கள்.