நம்ம கிணறு எந்த வகை?

குடிக்கிற தண்ணீர் எல்லாம் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றில்லை. யார் கொடுக்கிறார், எப்படிக் கொடுக்கிறார் என்று பார்த்துத்தான் எத்தனை சோதனை, எவ்வளவு கெடுபிடி என்பது முடிவாகிறது.

பாட்டிலிலும் கேனிலும் விற்கிற தண்ணீர் 'உணவு' என்ற வகை. உரிமம் வேண்டும். 2024 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இதை அதிக ஆபத்துள்ள உணவுப் பட்டியலில் சேர்த்து, ஆண்டுதோறும் தணிக்கை வேண்டும் என்றது.

ஊராட்சிக் குழாய்த் தண்ணீர் இன்னொரு வகை. இதற்கு ஐஎஸ் 10500 என்ற தர அளவு இருக்கு. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது. வேறு தண்ணீரே கிடைக்காத ஊர் என்றாலும் இதில் தளர்வு கிடையாது. மோனோகுரோட்டோபாஸ், போரேட், அட்ரசின் போன்ற நஞ்சுகளுக்கும் வரம்பு உண்டு. ஆனால் குழாய்த் தண்ணீருக்கு இந்த அளவு ஒரு வழிகாட்டிதான், சட்டக் கட்டாயம் அல்ல.

சரி, நம்ம கிணறும் போர்வெல்லும் எந்த வகை? எந்த வகையிலும் இல்லை! வயலில் வேலை செய்கிறவர்களும் வீட்டுப் பிள்ளைகளும் குடிக்கிற இந்தத் தண்ணீரைச் சோதிக்கும் கடமை யாருக்கும் இல்லை.

வகை பிரிப்பது தவறில்லை. விற்கிறவரையும் கொடுக்கிறவரையும் மட்டும் பார்த்துப் பிரிப்பதுதான் கோளாறு. தண்ணீருக்கு மேலே இருக்கிற மண்ணில் என்ன கொட்டுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. பயிர் எடுத்தது போக மிஞ்சும் யூரியா, நைட்ரேட்டாக மாறிக் கீழே இறங்குது. அதுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். புட்டிப்பால் குடிக்கிற ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் ஓட்டத்தையே கெடுத்துவிடும்.

ஜெர்மனியின் மியூனிக் நகரம் இதை வேறு மாதிரி பார்த்தது. தனக்குத் தண்ணீர் தரும் மாங்ஃபால் பள்ளத்தாக்கு உழவர்கள் இயற்கை வேளாண்மைக்கு மாற, 1992 முதல் பணம் கொடுத்து வருகிறது. கெட்ட தண்ணீரைச் சுத்தம் பண்ணுவதைவிடக் கெடாமல் காப்பது மேல் என்ற கணக்கு.

இங்கேயும் அதைத்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு ஆய்வாளர் வந்து உரிமம் கேட்கட்டும் என்று சொல்லவில்லை. குடிக்கப் பயன்படும் தனியார் கிணறுகளை ஆண்டுக்கொரு முறை அரசு செலவில் சோதித்துத் தரட்டும். ஊராட்சிக் குடிநீர்க் கிணற்றைச் சுற்றியுள்ள நிலங்களைப் பாதுகாப்புப் பகுதி என்று வகைப்படுத்தி, அங்கே நஞ்சில்லாமல் உழவு செய்வோருக்கு ஊக்கத்தொகை தரட்டும். மார்ச் 22 தண்ணீர் நாள் கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் சோதித்துத் தருவார்கள். இயற்கை உழவர்களும் விதிவிலக்கில்லை. கிணற்று மேட்டை ஒட்டி எருக்குழி இருந்தால், சாணத்தில் இருந்தும் நைட்ரேட்டும் கிருமியும் இறங்கும். குழியைத் தள்ளிப் போடுங்கள்.

சட்டம் நம்ம கிணற்றுக்கு ஒரு வகை கண்டுபிடிக்கிற வரைக்கும், அதுக்குக் காவல் நாமதான்.