இளையராஜா பாட்டை ரீமிக்ஸ் செய்து வெளியிடலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

பகலில் ஓசூர் சிப்காட்டில் வேலை, ராத்திரி லேப்டாப்பில் பீட். இப்படி நாலு பேர் சேர்ந்து, பழைய சினிமா பாடல்களை எலெக்ட்ரானிக் இசையில் மாற்றி ஒரு ரீமிக்ஸ் தொகுப்பு வெளியிட நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாஃப்ட்வேர் இருக்கிறது. சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு பப்களும் இருக்கின்றன. இல்லாதது அனுமதி மட்டும்தான்.

கல்யாணத்தில் டிஜே போடும்போது யாரும் கேட்கலையே?

காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52 கல்யாணத்துக்கும் அதையொட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தருகிறது. அங்கே ராயல்டி கேட்கக்கூடாது என்று 2023 ஜூலையில் மத்திய அரசும் அறிவிப்பு வெளியிட்டது. ஆனால் இந்த விலக்கு மண்டபத்தில் ஒலிக்கவிடுவதற்கு மட்டும்தான். அதே மிக்ஸை ஸ்பாட்டிஃபையில் ஏற்றினால் கதை வேறு.

ஒரு பாட்டுக்குள் இரண்டு விதமான உரிமை இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று; ஒலிப்பதிவு இன்னொன்று. பழைய குரலை அப்படியே வெட்டி ஒட்டினால் இரண்டு தரப்பிடமும் அனுமதி வாங்க வேண்டும். குரலை விட்டுவிட்டு மெட்டை மட்டும் புதிதாக வாசித்தாலும் முதல் உரிமை அப்படியே நிற்கும்.

'கவர் வெர்ஷன்' என்ற வழி இருக்கே என்பார்கள். 2012 திருத்தத்தில் வந்த பிரிவு 31சி அது. முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு ராயல்டி கட்ட வேண்டும். இதையெல்லாம் செய்தாலும், தொழில்நுட்பத் தேவைக்கு மேல் பாட்டை மாற்றக் கூடாது. மாற்றுவதற்குத்தானே ரீமிக்ஸ்! அதனால் இந்தக் கதவு நடைமுறையில் பூட்டியே இருக்கிறது.

யூடியூப் தூக்கவில்லை என்றால் ஓகே என்று அர்த்தமில்லை. பல நேரங்களில் வீடியோ இருக்கும், விளம்பர வருமானம் மட்டும் உரிமையாளருக்குப் போய்விடும். தெரிந்தே மீறினால் பிரிவு 63இன்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. 'குட் பேட் அக்லி' படக்குழுவிடம் 2025இல் இளையராஜா தரப்பு 5 கோடி ரூபாய் கேட்டது நினைவிருக்கும். பெரிய தயாரிப்பாளருக்கு வக்கீல் இருக்கிறார். நம்ம பசங்களுக்கு?

ரொம்பப் பழைய பாட்டு என்றால்? ஒலிப்பதிவு உரிமை வெளியாகி 60 ஆண்டுகளில் முடிகிறது. ஆனால் வரிக்கு, எழுதியவர் இறந்து 60 ஆண்டு. 'ஹரிதாஸ்' (1944) பாடல்களை எழுதிய பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். அந்த வரிகளுக்கு 2033 முடியும்வரை காத்திருக்கணும். பாரதியார் பாடல் வரிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சரி, அப்போ என்னதான் பண்றது?

ஒருவர் பாட்டை இன்னொருவர் ரீமிக்ஸ் செய்வது. குரல், டிரம்ஸ், பேஸ் எல்லாம் தனித்தனி கோப்பாக (ஸ்டெம்ஸ்) நண்பர்களுக்குள் கைமாறும். புதிய தயாரிப்பாளர்களுக்கு என் கணக்கில் இதுதான் நல்ல வழி. சினிமா பாட்டின் ரெடிமேட் கூட்டம் கிடைக்காது, வாஸ்தவம்தான். ஆனால் தொகுப்பு உங்களுடையதாக இருக்கும்.

இங்கேயும் சிக்கல் வரும். 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி'யை பிரெஞ்சுக் கலைஞர் டிஜே ஸ்நேக் ரீமிக்ஸ் செய்தபோது, விளம்பரத்தில் அறிவு இல்லாதது பெரிய சர்ச்சையானது. அந்தப் பாட்டிலிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் சொன்னார். உலகமே கேட்ட பாட்டுக்கே இந்த நிலைமை.

ஆகவே ஸ்டெம்ஸ் அனுப்பும் முன், யார் பெயர் எங்கே வரும், வருமானத்தில் யாருக்கு எத்தனை சதவீதம், யார் கணக்கில் பதிவேற்றம் என்பதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் 'ஓகே மச்சி' போதாது. காலமும் எல்லையும் மறக்காமல் எழுதணும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். கனடாவிலோ மலேசியாவிலோ பாட்டு ஓடினால், அந்த அனுமதி அங்கே செல்லாது.