பூனை குறுக்கே போயிற்று

வெளியே புறப்படும் சமயத்தில் பூனை குறுக்கே போனால் திண்ணையில் சற்று உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போவது நம்மவர் வழக்கம். பாரிஸ் நகரத்தில் ஒரு மனிதர் இருந்தார். பூனை குறுக்கே போகாத பாதையில் தமக்கு வேலையே கிடையாது என்பது போல அவர் நெடுங்காலம் வாழ்ந்தார். பெயர் கிறிஸ் மார்க்கர். அதுவும் பெற்றோர் இட்ட பெயரன்று; தாமே சூட்டிக்கொண்டது. சினிமாப் படம் எடுப்பது அவருடைய தொழில். 1921-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி பிறந்தவர், 2012-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி காலமானார். கணக்கை அவ்வளவு சுத்தமாகத் தீர்த்துக்கொண்டு போனதில் ஏதோ குறும்பு இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

பத்திரிகைக்காரர்கள் அவரிடம் புகைப்படம் வேண்டுமென்று கேட்பார்கள். சினிமாக்காரரிடம் கேட்கத் தகுந்த விஷயந்தானே? அவர் மறுப்பதில்லை. தம் படத்துக்குப் பதிலாக ஒரு பூனையின் படத்தை அனுப்பிவிடுவார். அந்தப் பூனை அவர் வளர்த்தது. அதன் திருநாமம் "எகிப்தில் கீயோம்." கீயோம் என்பது பிரான்ஸில் சர்வசாதாரணமான பெயர், நம் ஊர் ராமசாமி மாதிரி. ஆனால் புராதன எகிப்தியர்கள் பூனையைத் தெய்வமாகக் கொண்டாடியவர்கள் என்பதை நினைத்துக்கொண்டு பெயரை முழுவதும் சொல்லிப் பாருங்கள். அதன் கம்பீரம் விளங்கும். கீயோம் இறந்த பிறகும் உத்தியோகத்தை விடவில்லை. 1990-களின் கடைசியில் மார்க்கர் தம் ஞாபகங்களையெல்லாம் கணினித் தட்டு ஒன்றில் தொகுத்து வெளியிட்டபோது, பார்ப்பவர்களுக்கு வழிகாட்டியாகச் சித்திர ரூபத்தில் வந்து நின்றது கீயோம்தான்.

இந்தக் காலத்தில் காலைப் பலகாரம் சாப்பிடுவதற்கு முன்பே தம் முகத்தை நாலு கோணத்தில் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பாதவர்கள் சொற்பம். என் வகுப்பு மாணவர்களைச் சொல்லவில்லை. அவர்களுடைய தகப்பனார்களைச் சொல்லுகிறேன். அறுபது வருஷத்துக்கு மேல் படக் கருவியைக் கையில் வைத்திருந்த ஒருவர், அதைத் தம் பக்கம் திருப்பக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தார் என்றால், அவர் எந்தப் பக்கம் திருப்பினார் என்று பார்க்க ஆவல் உண்டாகிறதல்லவா?

மார்க்கரைப் பூனைப் பைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1953-ல் ஆலென் ரெனே என்பவருடன் சேர்ந்து, "சிலைகளும் மடிகின்றன" என்று பொருள்படும் பெயருடன் ஒரு குறும்படம் எடுத்தார். ஆப்பிரிக்க மக்களின் சிற்பங்களைக் கொண்டுவந்து ஐரோப்பியக் காட்சிசாலைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த கதை அது. அந்நிய ஆட்சி ஒரு ஜனசமூகத்தின் கலையை எப்படி உயிரற்ற பொருளாக்கிவிடுகிறது என்பதை ஆட்சியாளரின் தலைநகரில் இருந்துகொண்டே சொன்னார்கள். பிரெஞ்சு சர்க்கார் அந்தப் படத்தை ஏறக்குறைய பத்து வருஷம் தடுத்து வைத்தது. அந்நிய ஆட்சியில் புத்தகங்களும் நாடகங்களும் பறிமுதலான கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு வியாக்கியானம் தேவையில்லை.

1962-ல் அவர் எடுத்த "லா ஜெத்தே" 28 நிமிஷமே ஓடும். உலக மகாயுத்தம் இன்னொன்று மூண்டு பாரிஸ் நகரம் அழிந்துவிட்டது. எஞ்சியவர்கள் பாதாள அறைகளில் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவனை அவனுடைய ஞாபகத்தின் வழியே பழைய காலத்துக்கு அனுப்புகிறார்கள். முழுவதும் அசையாத புகைப்படங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும், படுத்திருக்கும் பெண்ணொருத்தி கண் திறந்து பார்க்கிறாள். அதை முதல் தடவை பார்த்தபோது என் மயிர் சிலிர்த்தது. ஆனால் இங்கே நான் சொல்ல வந்தது வேறு. அழிவுக்கு முந்திய சமாதான உலகம் அந்த மனிதனுக்கு முதல் முதலாக எப்படித் தென்படுகிறது தெரியுமா? ராஜகோபுரங்களாக அல்ல. உண்மையான குழந்தைகள், உண்மையான பறவைகள், உண்மையான பூனைகள்.

மார்க்கரும் சில நண்பர்களும் 1960-களின் இறுதியில் பெரிய முதலாளிகளின் தயவை நாடாமல் படம் எடுப்பதற்கு ஒரு கூட்டுறவு ஸ்தாபனம் அமைத்தார்கள். அதன் பெயர் "ஸ்லோன்". பிரெஞ்சில் ஒரு நீண்ட பெயரின் சுருக்கமாக வைத்துக்கொண்டார்கள். ருஷ்ய பாஷையிலோ அதற்கு யானை என்று அர்த்தம்! எந்தக் காரியத்தைத் தொட்டாலும் அதற்குள் ஒரு மிருகத்தை நுழைக்காமல் அந்த மனிதரால் இருக்க முடியவில்லை.

பொதுவாக சினிமாவில் மிருகங்களுக்கு இரண்டு உத்தியோகந்தான். ஒன்று, வில்லனைத் துரத்த வேண்டும். அல்லது கதாநாயகனுக்கு சலாம் போட வேண்டும். மகா மேதைகளுக்குங்கூட மிருகம் சுலபத்தில் வசப்படுவதில்லை. சத்யஜித் ராய் 1955-ல் வெளியிட்ட "பாதேர் பாஞ்சாலி"யில் மிட்டாய்க்காரன் பின்னால் குழந்தைகள் போக, அவர்கள் பின்னால் ஒரு நாய் போகும். எல்லாம் குளத்து நீரில் தலைகீழாகத் தெரியும். அந்த நாய் லேசில் பின்தொடரவில்லை. கடைசியில் சிறுமியின் கையில் மிட்டாயை ஒளித்துக் கொடுத்து, முதுகுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு நடக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. கலைக்காகக் கொடுத்த லஞ்சம். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் யாரும் அதைக் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

மார்க்கர் லஞ்சம் கொடுக்கவில்லை. 1990-ம் வருஷத்தையொட்டி அவர் வெளியிட்ட படம் ஒன்று மூன்று நிமிஷங்கூட ஓடாது. பெயர், "பூனை இசை கேட்கிறது." ஸ்பெயின் தேசத்துக் கட்டலோனியப் பகுதியைச் சேர்ந்த மோம்போ என்ற சங்கீதக்காரரின் பியானோ இசை மெதுவாக ஒலிக்கிறது. வாத்தியத்தின் கட்டைகள்மேல் கீயோம் நீட்டிப் படுத்திருக்கிறது. அவ்வளவுதான் கதை. தூங்குகிறதா, கேட்கிறதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. நம் சங்கீத சபைகளில் முன்வரிசைப் பிரமுகர்களைப் பற்றியும் இதே சந்தேகம் எழுவதுண்டு. பூனை எதையும் செய்யவில்லை என்பதை முதல் அரை நிமிஷத்திலேயே கண்டுகொள்கிறோம். பிறகு ஒரு மாறுதல் நேர்கிறது. அது பூனையிடத்தில் அல்ல, நம்மிடத்தில். மூச்சுக்குத் தக்கபடி ரோமம் ஏறி இறங்குவது கண்ணில் படுகிறது. இதோ முடிந்துவிடப் போகிறதே என்று இருக்கிறது.

இப்படி ஒரு படத்தை எந்த முதலாளியாவது பணம் போட்டு எடுப்பாரா? கட்டளைக்கு ஆடும் பூனை கிடையாது. காத்திருக்கத் தெரிந்தவன் பார்த்துக்கொள்ளலாம், அவசரக்காரன் போகலாம். சொந்த அறையில், சொந்தக் கருவியுடன், நாள் கெடு இல்லாமல் இருப்பவருக்குத்தான் அது சாத்தியம். அதிகாரத்தின் பக்கம் பூனை ஒருநாளும் சேராது என்பது மார்க்கரின் கட்சி. நாய் வளர்ப்பவர்கள் கோபிக்க வேண்டாம், கட்சி அவருடையது.

"அதெல்லாம் சரி ஐயா, ஊரில் மனிதருக்கே சோறில்லை, உலகமோ பற்றி எரிகிறது, இதில் பூனைக்கு சினிமா ஒரு கேடா?" என்று கேட்கும் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அவர் கேள்வியை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். நியாயமான கேள்வி. அதன் முதல் பாதிக்குப் பின்னால் வருகிறேன். உலகம் பற்றி எரிவதைப் பொறுத்தமட்டில், மார்க்கர் தீயைப் பார்க்காமல் பூனையைப் பார்த்தவர் அல்லர். 1960-களில் உலகமெங்கும் எழுந்த கிளர்ச்சிகளும் அவை ஓய்ந்துபோனதுமான வரலாற்றை 1977-ல் மிக நீண்ட படமாக எடுத்தார். ஆங்கிலத்தில் அதற்கு இட்ட பெயரின் பொருள், "பூனையில்லாத சிரிப்பு." ஆலிஸ் என்ற சிறுமியின் கதையில் பூனை மறைந்துபோய் அதன் சிரிப்பு மட்டும் மிஞ்சுமே, அந்தச் சிரிப்புத்தான். எதிர்பார்த்த விடுதலை வரவில்லை. அதன் புன்னகை மட்டும் ஆகாயத்தில் தங்கிற்று.

பிறகு 2001-ம் வருஷக் கடைசியில், பாரிஸ் நகரத்து உயர்ந்த சுவர்களிலும் புகைபோக்கிகளின் அருகிலும் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும் மஞ்சள் பூனைச் சித்திரங்களை மார்க்கர் கவனித்தார். அப்போது அவருக்கு வயது எண்பது. சின்னக் கருவியை எடுத்துக்கொண்டு பூனை தேடப் புறப்பட்டுவிட்டார். தேடிப் போன வீதிகளில் அவர் கண்டவை என்ன? 2002-ம் வருஷத்து ஜனாதிபதி தேர்தலில் தீவிர வலதுசாரி வேட்பாளர் இறுதிச் சுற்றுக்கு வந்ததைக் கண்டு திரண்ட ஜனங்கள். 2003-ல் ஈராக் யுத்தம் வேண்டாம் என்று கிளம்பிய ஊர்வலங்கள். அந்தக் கூட்டத்துக்குள்ளும் அதே பூனை முகம். 2004-ல் படம் வெளிவந்தது. பூனையைப் பின்தொடர்ந்தவர் ஒரு தேசத்தின் மனச்சாட்சியை வழியில் சந்தித்துவிட்டார்.

அவர் படங்களில் என்னை மிகவும் கலங்க வைத்த இடம் 1983-ல் வெளிவந்த "சான் சொலேய்" படத்தில் இருக்கிறது. டோக்கியோ நகரத்தில் கோதோகுஜி என்று ஒரு கோயில். ஒரு கையைத் தூக்கிக் கூப்பிடும் பாவனையில் வெள்ளைப் பூனைப் பொம்மைகள் வரிசை வரிசையாக அங்கே உட்கார்ந்திருக்கின்றன. ஒரு கணவனும் மனைவியும் தங்கள் பூனைக்காகப் பிரார்த்தனை செய்ய வருகிறார்கள். பூனையின் பெயர் தோரா. அது இறந்துவிடவில்லை, வீட்டை விட்டு ஓடிப்போய்விட்டது. எங்கோ அது சாகும் நாளில் அதற்காக வேண்டிக்கொள்ள யாரும் இருக்க மாட்டார்களே, எமன் அதைச் சரியான பெயர் சொல்லி அழைக்க வேண்டுமே என்பதுதான் அவர்களுடைய கவலை.

இதைப் பார்த்தபோது என் வகுப்பில் படித்த பையன் ஒருவன் கொண்டுவந்த லீவுக் கடிதம் நினைவுக்கு வந்தது. கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல் - லீவுக் கடிதங்களில் வழக்கமாக வரும் காரணங்கள் இவைதான். அவன், "எங்கள் மணி நேற்று இரவு இறந்துவிட்டபடியால்" என்று எழுதியிருந்தான். மணி யார் என்று விசாரித்தால் நாய். ஆசிரியர் அறையில் கடிதம் கைமாறிச் சிரிப்புப் பொருளாயிற்று. விதியில் இடம் இல்லை என்று ஒருவர் சொன்னார். லீவு கொடுக்கப்பட்டது, ஆனால் ஆஜர்ப் புத்தகத்தில் காரணம் "சுரம்" என்று ஏறிற்று. பையன் எழுதியது உண்மை. நாங்கள் எழுதியது பொய். தோராவின் பெயரைச் சரியாகச் சொல்லவேண்டுமென்று கோயிலுக்குப் போனவர்கள் எங்கள் ஆஜர்ப் புத்தகத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

பெரியவர் கேள்வியின் முதல் பாதிக்கு வருகிறேன். அதற்குப் பதில் மார்க்கரின் சிநேகிதி ஒருவரிடம் இருக்கிறது. ஆன்யெஸ் வர்தா என்ற அம்மையார். 1928-ல் பிறந்து 2019-ல் மறைந்தவர். பாரிஸில் டகேர் வீதியில், புகைப்படக் கலையின் பிதாக்களில் ஒருவருடைய பெயர் கொண்ட வீதியில், நெடுங்காலம் குடியிருந்தார். வீட்டிலேயே படக் கம்பெனி. அவர் வளர்த்த பூனையின் பெயர் ஸ்கூகூ; கம்பெனிக்குச் சின்னமும் அதுவே. 2000-ல் அவர் கையடக்கமான கருவியொன்றுடன் ஊர் ஊராகப் போய் எடுத்த படம், அறுவடை முடிந்த வயலிலும் சந்தை கலைந்த வீதியிலும் மிச்சத்தைப் பொறுக்கித் தின்பவர்களைப் பற்றியது. டன் கணக்கில் கொட்டப்பட்ட உருளைக்கிழங்குக் குவியலில் ஏழைகள் குனிந்து பொறுக்குகிறார்கள். அம்மையாரும் பொறுக்குகிறார், அவருக்கு அகப்படுவது இருதய வடிவான கிழங்கு. பிறகு வீடு திரும்பினால் அங்கே ஒழுகும் கூரை, தம் சுருங்கிய கை, ஸ்கூகூ. பசித்தவனுக்கும் பூனைக்கும் தனித்தனிக் கண் அவரிடம் இல்லை.

ஸ்கூகூ இறந்தபிறகு அதற்கு ஒரு சமாதி படைத்து, 2006-ல் பாரிஸ் கலைக்கூடம் ஒன்றில் காட்சியாக வைத்தார். நுவார்முத்தியே என்ற தீவில் ஒரு சிறு மண்மேடு. சிப்பிகளும் பூக்களும் தாமே வந்து அமர்வது போல அதை அலங்கரிக்கின்றன. இது வரைக்கும் எந்தப் பாசமுள்ள குடும்பமும் செய்யக்கூடியது. அப்புறம் காமிரா மேலே கிளம்புகிறது. மேடு சிறுக்கிறது, மரங்கள், தீவு, கடல் என்று விரிகிறது, சமாதி இருந்த இடம் புள்ளியாகி மறைகிறது. தம் துயரத்தின் அளவு எவ்வளவு என்று அம்மையாருக்குத் தெரியும். தெரிந்தும் சிப்பி ஒவ்வொன்றையும் வைத்தார்.

2008-ல் அவர் தம் வாழ்க்கையைப் படமாக்கியபோது, பழைய சிநேகிதர் மார்க்கரை விட்டுவிட மனமில்லை. அவரோ முகம் காட்டாதவர். ஆகவே அந்தப் படத்தில் ஆரஞ்சு வர்ணத்தில் ஓர் அட்டைப் பூனை வருகிறது. குரலையும் யந்திரத்தில் மாற்றியிருக்கிறார்கள். பூனை கேள்வி கேட்கிறது. எண்பதை எட்டிய அம்மையார் சாவதானமாகப் பதில் சொல்லுகிறார்.