விடுதிச் சோற்றில்தானா சிக்கனம்?

கும்மிடிப்பூண்டி பக்கத்தில் தேர்வாய் கண்டிகை என்று ஓர் ஊர். மேய்ச்சல் நிலம் போகிறதே என்று அவ்வூரார் போராடிப் பார்த்தும், சர்க்கார் நிலத்தை எடுத்துச் சிப்காட் தொழிற்பேட்டை வைத்தது. 2009-ல் மிஷலின் என்னும் பிரெஞ்சு டயர் கம்பெனி 4,000 கோடி ரூபாய் முதல் போடுவதாக ஒப்பந்தம் செய்துகொண்டு அங்கு வந்தது. தொழிற்சாலையே வேண்டாமென்று சொல்லுகிறவர்கள் அல்ல நாம். மாடு மேய்த்தவன் மகன் அதற்குள் எந்த வேலைக்குப் போவது என்பதுதான் நமது கேள்வி. குப்பை கூட்டவும் வாசலில் காவல் நிற்கவும் என்றால் படிப்பு வேண்டியதில்லை. இயந்திரத்தை ஓட்டவும் கணக்கு எழுதவும் என்றால் பாலிடெக்னிக்கோ கல்லூரியோ படித்தாக வேண்டும். அதற்கு வெளியூர் போக வேண்டும்; அங்கே தங்க இடமும் மூன்று வேளைச் சோறும் வேண்டும். ஆகவே விடுதியிலும் உபகாரச் சம்பளத்திலும் கை வைக்கிறவன், அந்தப் பையனுடைய முகத்துக்கெதிரே தொழிற்சாலைக் கதவைச் சாத்துகிறான் என்றே நாம் சொல்லுவோம்.

அப்படிக் கை வைத்தது உண்டா என்றால், உண்டு. தாழ்த்தப்பட்ட மாணவர்கள் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதற்கான உபகாரச் சம்பளம் 1944 முதல் நடந்து வருவது. ஒரு திட்டக் காலம் முடியும்போது ஆகிற செலவு முழுவதும் இனி மாநிலங்களின் தலையில் என்று அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கின்படி 2017-18 முதல் 2019-20 வரை இந்தியா முழுமைக்கும் மத்திய சர்க்கார் கொடுத்தது ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி ரூபாய்தான். கூக்குரல் கிளம்பிய பிறகு, 2020 டிசம்பரில் மத்திக்கு 60, மாநிலத்துக்கு 40 என்று பங்கு பிரித்து, தங்கள் பங்கை ஆண்டுக்குச் சுமார் 6,000 கோடி ஆக்குவதாகச் சொன்னார்கள். சந்தோஷம். ஆனால் இடையில் பணம் வராமல் படிப்பை விட்டவன் இருந்தால், அவனுக்கு அந்த ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது? அதோடும் நிற்கவில்லை. 2022-ல் சிறுபான்மை ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை, வேறு திட்டங்கள் இருக்கின்றன என்று காரணம் சொல்லி நிறுத்திவிட்டார்கள்.

பணமில்லை என்பார்களோ? அதே காலத்தில், 2018-ல், நர்மதைக் கரையில் பட்டேலுக்கு 2,989 கோடி ரூபாயில் சிலை திறந்தார்கள். பட்டேலிடம் நமக்குப் பகை இல்லை. மத்திய சர்க்கார் ஏழைப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் கொடுத்த பணம் ஒரு சிலைக்கு ஆகியிருக்கிறது என்றால், முடை பணத்திலா மனத்திலா என்றுதான் கேட்கிறோம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்கள் கிரேக்க எழுத்துக்களைப் பெயராக வைத்துச் சகோதர சங்கங்கள் நடத்துகிறார்கள். சந்தா போட்டு, வீடு பிடித்து, சேர்ந்து வாழுகிறார்கள். அவர்களுக்குப் பணமுடை வந்தால் விருந்தைக் குறைத்துக்கொள்ளலாம். நம் பிள்ளைகளின் சகோதர சங்கம் சர்க்கார் விடுதிதான். அதில் குறைப்பதற்கு விருந்து எங்கே இருக்கிறது?

ஒரு விடுதி என்ன செய்யும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். சென்னையில் படிக்க வந்த பார்ப்பனரல்லாத மாணவர்கள் தங்க இடமின்றித் தவித்தபோது, 1916-ல் டாக்டர் நடேசனார் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' என்ற விடுதியை ஏற்படுத்தினார். அதனால் பயனடைந்தவர்களில் ஒருவர் ஆர். கே. சண்முகம் செட்டியார். 1947 நவம்பரில் சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தைப் படித்தவர் அவரேதான். விடுதியில் போட்ட சோறு வீண் செலவா, முதலீடா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

நிற்க. டில்லியை மட்டும் குறை சொல்லி நம் வீட்டை மறைப்பது யோக்கியமாகாது. தமிழ்நாட்டு ஆதிதிராவிடர், பிற்பட்டோர் விடுதிகளில் கல்லூரி மாணவனுக்கு மாத உணவுப்படி 1,100 ரூபாயாக இருந்தது. 2023-ல்தான் 1,500 ஆக்கினார்கள். உயர்த்திய பிறகும் நாளைக்கு 50 ரூபாய்; வேளைக்கு 17 ரூபாய்கூட இல்லை. இந்தப் பணத்தில் தங்கள் பிள்ளைக்கு ஒரு மாதம் சோறு போட மந்திரிமாரும் அதிகாரிகளும் சம்மதிப்பார்களா? 2025-ல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்தார்கள். பலகையிலிருந்து சாதி போனதை மனமார வரவேற்கிறோம். ஆனால் பெயர் உலையில் வேகாது.

தோழர்களே! உங்கள் ஊருக்குப் பக்கத்து விடுதிக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை கக்கூஸ், சாம்பாரில் பருப்பு உண்டா என்று பாருங்கள். கும்பாபிஷேக வசூலுக்கு நோட்டுப் புத்தகம் கொண்டுவருகிறவரிடம், விடுதிப் பிள்ளைகளுக்கு என்ன செய்தீர் என்று கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் உணவுப்படிக் கணக்கைக் கேளுங்கள். அரசியல் சட்டத்தின் முகப்புரையில் சகோதரத்துவம் என்று எழுதியிருக்கிறார்கள். அதை நிஜமாகவே எழுதினார்களா என்பது வரவு செலவுக் கணக்கில்தான் தெரியும்.