கிண்ணமும் கொழுந்துக் கூடையும்

பாய்மரப் படகுப் பந்தயம் என்றதும், 'பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டுவோர் நம்மில் பலர். பணக்காரர்களின் பொழுதுபோக்குதான், மறுப்பதற்கில்லை. ஆனால், படகை ஓட்டிய கைகளும் அதற்கான பணமும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், நாமும் அந்த வரலாற்றைப் படிக்க வேண்டியவர்களே என்பது என் கருத்து.

1851இல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் 'அமெரிக்கா' எனும் படகு வென்ற கிண்ணமே பின்னாளில் அமெரிக்கக் கிண்ணம் ஆனது. (நாட்டின் பெயரன்று, படகின் பெயர்!) 1870 முதல் அதனை மீட்க பிரிட்டிஷ் செல்வந்தர்கள் அட்லாண்டிக்கைக் கடந்து சென்று தோற்றுத் திரும்பினர். உரிமையாளர்களின் பெயர்கள் நூல்களில் நிலைத்துவிட்டன. கயிறு இழுத்தவர்களோ? பிரிட்டிஷ் படகுகளில் பணிபுரிந்தோர் பலர் எசெக்ஸ் கரையோர மீனவர்கள். குளிர்காலத்தில் சொந்தத் தொழில். கோடையில் கனவான்களின் படகில் கூலி வேலை. 1895இல் அமெரிக்காவின் 'டிஃபெண்டர்' படகை ஓட்டியவர்களும் மேய்ன் மாநிலத்து டியர் தீவின் மீனவர்களே.

அந்த 1895 போட்டி தனிக்கதை. முதல் பந்தயத்தில் தோற்ற டன்ரேவன் பிரபு, எதிரணிப் படகில் இரகசியமாக எடை ஏற்றப்பட்டதாகக் குற்றஞ்சாட்டினார். இரண்டாவதில் அவருடைய 'வால்கைரி 3' மற்றப் படகில் மோதித் தகுதி இழந்தது. மூன்றாவதில் தொடக்கக் கோட்டைக் கடந்ததுமே பின்வாங்கிவிட்டார். நியூயார்க் படகுக் கழகம் விசாரணைக் குழு அமைத்தது, வங்கியாளர் ஜே.பி. மோர்கனும் அதில் ஒருவர். படகினுள் இருந்த ஈயக் கட்டிகளைப் பற்றி மாலுமிகளும் சாட்சியமளித்தனர். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என முடிவானது. பிரபு கழகத்தின் கௌரவ உறுப்பியத்தை இழந்தார். வென்றபோது யாரும் கேட்காத கூலி மாலுமியின் குரல், மோசடிப் பேச்சு எழுந்த பிறகுதான் பதிவேட்டில் ஏறுகிறது!

1899இல் களமிறங்கியவர் தாமஸ் லிப்டன். ஆம், தேயிலை லிப்டன்தான். கிளாஸ்கோவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து மளிகைக் கடைகளால் உயர்ந்தவர். 1890இல் இலங்கை சென்று, அப்புத்தளை அருகே தம்பேத்தன்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். அம்மலைகளில் கொழுந்து பறித்தோர் தமிழகத்திலிருந்து சென்ற நம்மவர்கள். அவருடைய 'ஷாம்ராக்' மூன்று பந்தயங்களிலும் 'கொலம்பியா'விடம் தோற்றது. 1930 வரை ஐந்து முறை முயன்றும் கிண்ணம் கிட்டவில்லை. தோற்றும் சிரித்தவர் என்று உலகமே புகழ்ந்தது. அவருடைய தேயிலைக்கும் அது நல்ல விளம்பரமாயிற்று. புகழட்டும். ஐந்து முறை தோற்றும் சிரிக்க முடிந்ததென்றால், கொழுந்துக் கூடைக்கும் அதில் பங்கில்லையா?

முழுச் செலவும் தேயிலையால் வந்தது என்று நான் சொல்லவில்லை. கடைகளின் இலாபமும் இருந்தது. ஆயினும், தோட்டப்புற வரலாறு எழுதும்போது நாம் லயன் வீடு, கங்காணி, கூலி என்பதோடு நின்றுவிடுகிறோம். இலாபம் எந்தக் கடலில், எந்தப் பாய்மரத்தில் பறந்தது என்று தேடுவதில்லை. இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் தம்பி தங்கையருக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். லிப்டனைப் பற்றிப் படகு நூல்களில் தேடுங்கள். பிறகு அதே ஆண்டுகளின் இலங்கைத் தோட்டப் பதிவுகளையும் அருகில் வைத்துப் படியுங்கள்.