அருங்காட்சியகத்தில் இல்லாத கதை

சென்ற ஆண்டு, உயர்நிலை மாணவர் சிலருடன் ஒரு கற்றல் பயணத்திற்குச் சென்றிருந்தேன். நாங்கள் சென்ற இடம் சிங்கப்பூரின் அப்பர் புக்கிட் தீமா சாலையில் உள்ள பழைய ஃபோர்ட் தொழிற்சாலை. உள்ளே நுழைந்து இருபது நிமிடங்கூட ஆகவில்லை. ஒரு மாணவர் பயிற்சித்தாளை நீட்டி, “எல்லாக் கேள்விக்கும் விடை எழுதிவிட்டேன், ஆசிரியர். பேருந்துக்குப் போகலாமா?” என்று கேட்டார். விடைகள் அனைத்தும் சரியாகவே இருந்தன. ஆனாலும், அவர் அந்த இடத்தைப் பார்த்தார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு நினைவு அருங்காட்சியகத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அங்கே வைக்கப்பட்டிருப்பதைப் பார்ப்பது பாதி வேலைதான். அங்கே இல்லாததைத் தேடிச் செல்வது மீதிப் பாதி.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். ஃபோர்ட் நிறுவனம் தென்கிழக்காசியாவில் கார்களைப் பொருத்துவதற்காகக் கட்டிய முதல் தொழிற்சாலை அது. 1941ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் தரையிறங்கியது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி, அத்தொழிற்சாலையின் கூட்ட அறையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமாஷித்தாவிடம் சரணடைந்தார். சிங்கப்பூரின் பெயர் ‘சியோனான்’ என்று மாற்றப்பட்டது. கடிகாரங்கள்கூடத் தோக்கியோ நேரத்திற்கு ஏற்ப ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. பஞ்சமும் நோயும் அச்சமும் நிறைந்த மூன்றரை ஆண்டுகள் அதன்பின் தொடர்ந்தன. ‘சூக் சிங்’ என்ற பெயரில் சீன ஆடவர்கள் ஆயிரக்கணக்கில் பிரித்தெடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர்.

இன்று அந்தக் கட்டடம் ஒரு தேசிய நினைவுச்சின்னம். தேசிய ஆவணக் காப்பகம் அதனை நிர்வகிக்கிறது. பெரிய இடமன்று. நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். சரணடைந்த அந்தக் கூட்ட அறையில் நீண்ட மேசை ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி நின்றுதான் மாணவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அது அசல் மேசை அன்று. அதைப் போலவே செய்து வைக்கப்பட்ட மாதிரி. அசல் மேசை ஆஸ்திரேலியாவின் கேன்பரா நகரில் உள்ள போர் நினைவகத்தில் இருக்கிறது.

இதைக் கேட்டதும் மாணவர் சிலர் ஏமாற்றம் அடைந்தார்கள். “அப்படியானால் இங்கே என்னதான் இருக்கிறது?” என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. தளபதிகள் அமர்ந்த மேசை வேறு நாட்டுக்குப் போகலாம். ஆனால், அவர்கள் இட்ட கையெழுத்தின் விளைவைச் சுமந்தவர்கள் இந்த மண்ணில் வாழ்ந்த மக்கள். அந்த நினைவுதான் நமக்கு உரியது. அதை யாராலும் பெட்டியில் வைத்துக் கப்பலில் ஏற்ற முடியாது. ஆனால், நாம் கேட்காமல் விட்டால் அது தானாகவே அழிந்துவிடும்.

இதை நான் என் வீட்டிலேயே தெரிந்துகொண்டேன்.

என் பாட்டி மரவள்ளிக்கிழங்கைத் தொடவே மாட்டார். வீட்டில் அம்மா கிழங்கு அவித்தால், பாட்டி எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். அவருடைய கட்டிலுக்கு அடியில் எப்போதும் ஒரு தகர டின் நிறைய அரிசி இருக்கும். சிறுவர்களாகிய நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம். நான் உயர்நிலை இரண்டில் படித்தபோது, ஜப்பானியர் ஆட்சிக்காலம் பற்றிப் பள்ளியில் ஓர் ஒப்படைப்புக் கொடுத்தார்கள். “பாட்டி, ஜப்பான்காரன் காலத்தில் என்ன நடந்தது?” என்று கேட்டேன். “அதெல்லாம் இப்போது எதற்கு? நீ போய்ப் படி” என்றார். நானும் மறுபடி கேட்கவில்லை. புத்தகத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது.

பாட்டி இறந்த அன்று, அவருடைய தங்கை பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார். போர்க்காலத்தில் அவர்கள் குடும்பம் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்ததாம். பாட்டிக்கு ஓர் அண்ணன் இருந்தாராம். சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்துச் சென்றபோது அவரும் போனாராம். திரும்பி வரவில்லையாம். ஒருநாள் வந்துவிடுவார் என்று பாட்டி பல ஆண்டுகள் காத்திருந்தாராம். எனக்கு அப்படி ஒரு தாத்தா இருந்தார் என்பதையே நான் அன்றுதான் அறிந்தேன். கேட்க நினைத்த கேள்விகள் பல. பதில் சொல்ல வேண்டியவர் இல்லை.

சயாம்–பர்மா ரயில்பாதை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுடையது. 1943ஆம் ஆண்டு அக்டோபரில் அது கட்டி முடிக்கப்பட்டது. அதில் உழைத்து மடிந்த போர்க்கைதிகளுள் ஏறத்தாழ 7,000 பேரின் கல்லறைகள் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள ஒரே கல்லறைத் தோட்டத்தில் வரிசையாக இருக்கின்றன. அங்கே வேலைக்குக் கொண்டு செல்லப்பட்ட ஆசியத் தொழிலாளர்களுள் மலாயாத் தோட்டங்களைச் சேர்ந்த தமிழர்களும் பெருந்தொகையினர். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களுள் பல்லாயிரம் பேரைக் கொன்றன. ஆனால், அவர்களில் மிகப் பலருடைய பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பெயர் எழுதப்படாத ஒருவரை அருங்காட்சியகம் எப்படிக் காட்சிக்கு வைக்கும்? அவரை நினைவில் வைத்திருந்த வீட்டார் சொன்னால்தான் உண்டு.

“பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும்? இது வெறுப்பைத்தானே வளர்க்கும்?” என்று சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். துன்பத்தை நினைவுகூர்வது எளிதன்று. நினைவு எப்படிப் புண்படுத்தும் என்பதற்குப் பழைய ஃபோர்ட் தொழிற்சாலையே சான்று. 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதன் கண்காட்சி புதுப்பிக்கப்பட்டபோது, அதற்குச் ‘சியோனான்’ என்ற பெயரைச் சேர்த்துச் சூட்டினார்கள். நடந்த வரலாற்றைத்தானே பெயர் சொல்கிறது என்று சிலர் வாதிட்டனர். அடக்கி ஆண்டவர்கள் இட்ட பெயரை வாசலில் எழுதி வைப்பது மாண்டவர்களை அவமதிப்பதாகும் என்று பலர் வருந்தினர். திறந்து இரண்டு நாளுக்குள் அந்தப் பெயர் நீக்கப்பட்டது. அமைச்சரும் வருத்தம் தெரிவித்தார்.

என்னைக் கேட்டால், நீக்கியது சரியே. கண்காட்சிக்குள்ளே அந்தப் பெயர் இருந்தால் அது வரலாற்றுச் செய்தி. வாசற்பலகையில் இருந்தால் அது மரியாதை போல் ஆகிவிடுகிறது. எனினும் அந்த நிகழ்ச்சி எனக்கு வேறொன்றையும் உணர்த்தியது. எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பிறகும் மக்களுக்கு வலித்தது. பேசாமல் இருந்ததால் புண் ஆறிவிடவில்லை.

வெறுப்பைப் பற்றிய அச்சத்திற்குப் பீச் ரோட்டில் உள்ள பொதுமக்கள் போர் நினைவுச்சின்னம் பதில் சொல்கிறது. 1967ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அதன் நான்கு தூண்களும் ஒரே உயரம். நான்கு இனத்தாரின் துயரத்தையும் அவை சேர்த்தே சுமக்கின்றன. இன்னொருவர் வீட்டு இழப்பை நம் வீட்டு இழப்போடு சேர்த்து நினைக்கப் பழகினால், அங்கே வெறுப்பு வளராது, புரிந்துணர்வு வளரும்.

ஆகவே, மாணவர்களே, நினைவு அருங்காட்சியகம் ஒன்றுக்குச் செல்லும்போது மூன்று செயல்களைச் செய்துபாருங்கள். செல்வதற்கு முன், வீட்டில் உள்ள மூத்தவரிடம் அந்தக் காலத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். “ஆட்சி எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள். “என்ன சாப்பிட்டார்கள்? யார் திரும்பி வரவில்லை?” என்று கேளுங்கள். அங்கே சென்றதும் எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்காமல், ஒரே ஒரு பொருளின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். திரும்பி வந்தபின், கேட்டதை எழுதி வையுங்கள். அல்லது குரலைப் பதிவு செய்யுங்கள். முதலில் மறுத்தால், சில நாள் கழித்து மீண்டும் மெதுவாகக் கேளுங்கள். நான் செய்யத் தவறியது அதுதான்.

1942இல் பத்து வயதுச் சிறுமியாக இருந்தவர் இன்று தொண்ணூறு வயதைத் தாண்டியிருப்பார். அருங்காட்சியகம் அடுத்த ஆண்டும் திறந்திருக்கும். அவர் காத்திருப்பார் என்று சொல்ல முடியாது. இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும், பயிற்சித்தாளில் இல்லாத அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.